மிட்சுபிஷி லான்சரின் ராலி வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லான்சர் என்ற பெயர் தாங்கிய கார்கள் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 28 முறை ஜெயித்திருக்கின்றன. முதல் வெற்றி 1974-ல் கென்யாவின் சஃபாரி ராலியில். கடைசி வெற்றி 2001-ல், அதுவும் அதே சஃபாரி ராலியில்தான். இந்தக் காரைப் பற்றி ராலி ரசிகர்கள், குறிப்பாகப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ராலி கார் இது. அந்தப் பிரியம் பதில்களிலும் தெரியும்.

லான்சர் முதன்முதலில் எந்த ராலியில் பெயர் வாங்கியது?

1973-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சதர்ன் கிராஸ் ராலியில். அந்த வருடம்தான் லான்சர் விற்பனைக்கே வந்திருந்தது. 1600 ஜிஎஸ்ஆர் என்ற மாடல், இரண்டு கதவு, பின்சக்கர இயக்கம், இரட்டை கார்புரேட்டர் பூட்டிய 1.6 லிட்டர் என்ஜின். முதல் நான்கு இடங்களையும் லான்சர்களே பிடித்தன. ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன். முந்தைய வருடம் மிட்சுபிஷி காலன்ட்டில் இதே ராலியை ஜெயித்திருந்த அவர், 1976 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார்.

கோவன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இங்கிலாந்தின் ரக்பி நகரில் ராலிஆர்ட் ஐரோப்பா என்ற பெயரில் மிட்சுபிஷியின் ராலி அணியைக் கட்டி நடத்தியவர் அவர்தான். லான்சரின் முதல் பெரிய வெற்றியில் ஸ்டியரிங் பிடித்தவரும், கால் நூற்றாண்டு கழித்து உலகப் பட்டம் வாங்கியபோது அணிக்குத் தலைவராக இருந்தவரும் ஒரே ஆள்.

ஜோகிந்தர் சிங் யார்? அவரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

கென்யாவின் கெரிச்சோவில் 1932-ல் பிறந்த சீக்கியர். மெக்கானிக். சொந்தமாக கராஜ் நடத்தியவர். 'பறக்கும் சீக்கியர்' என்று உலகமும், 'கென்யாவின் சிங்கம்' என்ற பொருளில் 'சிம்பா வா கென்யா' என்று உள்ளூர்க்காரர்களும் அழைத்தார்கள். 1965-ல் பழைய வால்வோ ஒன்றில் சஃபாரி ராலியை ஜெயித்தார். அப்புறம் 1974-ல், டேவிட் டாய்க் கோ-டிரைவராக (பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவராக) உட்கார, லான்சர் 1600 ஜிஎஸ்ஆரில் மறுபடியும் ஜெயித்தார்.

அந்த 1974 வெற்றி எவ்வளவு பெரியது என்று புரிய, அன்றைய சஃபாரி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். சாலையை மூடிவிட்டுப் பத்து இருபது கிலோமீட்டர் பந்தயம் விடும் இன்றைய ராலி அல்ல அது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், திறந்த சாலையில், பஸ்ஸும் லாரியும் மாடும் வரிக்குதிரையும் குறுக்கே வரும் பாதையில் ஓட்ட வேண்டும். ஈஸ்டர் சமயம் என்பதால் மழைக்காலம் தொடங்கியிருக்கும். செம்மண் பாதை சில மணி நேரத்தில் சேறாகிவிடும். சேற்றில் சிக்கிய காரை ஊர்மக்கள் தள்ளிவிடுவார்கள். அந்தப் பாதையில் ஸ்வீடனின் பியோர்ன் வால்டெகார்ட் ஓட்டிய போர்ஷே 911-ஐ இரண்டாமிடத்துக்குத் தள்ளியது 1.6 லிட்டர் ஜப்பானிய சின்னக் கார்.

1976-ல் இன்னும் அழுத்தமான முடிவு வந்தது. ஜோகிந்தர் முதலிடம், ராபின் உலியட் இரண்டாமிடம், கோவன் மூன்றாமிடம். மூவரும் லான்சரில். கார் உடையாமல் கடைசி வரை வந்தாலே பெருமை என்றிருந்த ராலியில் ஒரே மாடல் முதல் மூன்று இடங்களையும் எடுத்ததைப் பார்த்துத்தான் ஆப்பிரிக்காவில் லான்சருக்குப் பெயர் நின்றது.

1976-க்குப் பிறகு, லான்சர் எவோலூஷன் (சுருக்கமாக எவோ) என்ற ராலிப் பதிப்பு வரும் வரை என்ன நடந்தது?

1977-ல் ஐவரி கோஸ்டின் பண்டாமா ராலியை கோவன் ஜெயித்தார். அதோடு மிட்சுபிஷி தொழிற்சாலை அணி ஒதுங்கிக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் லான்சர் இஎக்ஸ் 2000 டர்போவோடு திரும்பினார்கள். 1982-ல் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியில் பென்ட்டி ஐரிக்கலா அதில் மூன்றாமிடம் வந்தார். ஆனால் ஆடி குவாட்ரோ வந்து நான்கு சக்கர இயக்கம் இல்லாத காரெல்லாம் பழசாகிப்போன காலம் அது. மிட்சுபிஷி ஸ்டாரியன் காரை நான்கு சக்கர இயக்கத்தோடு, கட்டுப்பாடு குறைந்த அதிவேகக் கார்களின் பிரிவான குரூப் பி-க்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதே, தொடர் விபத்துகளால் 1986-ல் குரூப் பி-யையே தடை செய்தார்கள்.

அடுத்து காலன்ட் விஆர்-4. லான்சரின் கதையில் இது இல்லாமல் முடியாது, ஏனென்றால் எவோலூஷனின் உள்ளுறுப்பெல்லாம் இதிலிருந்து வந்தது: 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் டர்போ என்ஜின், நான்கு சக்கர இயக்கம். 1989-க்கும் 1992-க்கும் இடையே ஆறு உலக ராலிகளை காலன்ட் ஜெயித்தது. 1991-ல் ஐவரி கோஸ்டில் கென்ஜிரோ ஷினோசுகா ஜெயித்தபோது, உலக ராலி ஒன்றை வென்ற முதல் ஜப்பானிய ஓட்டுநர் ஆனார். அடுத்த வருடமும் அங்கேயே ஜெயித்தார்.

அப்படியானால் காலன்ட்டையே ஓட்டியிருக்கலாமே, எவோலூஷன் எதற்கு?

காலன்ட் பெரிய கார். நீளம் அதிகம், எடை அதிகம். குறுகிய காட்டுப் பாதையில், கொண்டை ஊசி வளைவில், லான்சியா டெல்டாவும் டொயோட்டா செலிகாவும் சுலபமாகத் திரும்பும் இடத்தில் இது திணறியது. அதனால் காலன்ட்டின் என்ஜினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்து, அதைவிடச் சின்ன லான்சரின் உடலுக்குள் வைத்தார்கள். 1992 அக்டோபரில் லான்சர் எவோலூஷன் வந்தது.

இங்கே விதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குரூப் ஏ என்ற அன்றைய விதிப்படி, ராலியில் ஓட்ட விரும்பும் காரை 2,500 எண்ணிக்கையில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்க வேண்டும். விற்ற காரில் இல்லாத அமைப்பை ராலி காரில் வைக்க முடியாது. அதனால் எவோவின் ஒவ்வொரு பதிப்பும் ராலி அணி கேட்டதைக் கடைக்குக் கொண்டுவந்த கதைதான். அந்த முதல் 2,500 கார்கள் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. பந்தயத்துக்கென்றே ஆர்எஸ் என்ற பதிப்பும் இருந்தது. சொகுசுச் சாமான்களைக் கழற்றி எடை குறைத்த அந்தக் காரை வாங்கி, கூண்டு பொருத்தி, நேராக ராலிக்குப் போகலாம்.

எவோவை மற்ற எல்லா ராலி கார்களையும்விட நான் மேலே வைப்பதற்குக் காரணம் இந்த நேர்மை. ஸ்டேஜில் (ராலியில் நேரம் எடுக்கும் பந்தயப் பகுதியில்) ஓடியதும் கடையில் நின்றதும் ஒரே கார். இது அந்தக் காரின் பலம். கடைசியில் அதைப் பின்னுக்குத் தள்ளியதும் இதுவேதான். அதற்குக் கீழே வருகிறேன்.

எவோலூஷனின் முதல் உலக ராலி வெற்றி எது?

அறிமுகம் 1993 ஜனவரியில் மான்டி கார்லோவில். கென்னத் எரிக்சன் நான்காமிடம், ஆர்மின் ஷ்வார்ட்ஸ் ஆறாமிடம். வெற்றிக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஸ்வீடிஷ் ராலியில் எவோ 2-ல் எரிக்சன் ஜெயித்தார். இரண்டாமிடம் வந்த இளைஞர் டொம்மி மாக்கினென். அணியின் உத்தரவுப்படி முதலிடத்தை எரிக்சனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதே வருடம் ஆஸ்திரேலியாவில் எவோ 3-க்கும் எரிக்சனே முதல் வெற்றியைத் தேடித்தந்தார்.

ராலி எவோ வரும்போது துப்பாக்கி சுடுவது போல் வெடிச்சத்தம் கேட்கிறதே, அது என்ன?

என்ஜினின் புகையால் சுழலும் டர்பைன், காற்றை என்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் புகையின் வேகம் குறைந்து டர்பைன் சுழல்வது தளர்ந்துவிடும். வளைவு முடிந்து மறுபடி மிதிக்கும்போது சக்தி வரச் சற்று நேரமாகும். ராலியில் அந்த ஒரு நொடி மிகப் பெரிய விஷயம். அதனால் கால் எடுத்த பிறகும் கொஞ்சம் எரிபொருளையும் காற்றையும் புகைக்குழாய்க்கே அனுப்பி, அங்கேயே எரியவைத்து டர்பைனைச் சுழலவைக்கிறார்கள். அந்த எரிதல்தான் வெடிச்சத்தமாகக் கேட்கிறது. எவோ 3-ல் தொடங்கி இதற்கான காற்றுக்குழாய்கள் கடையில் விற்ற காரிலேயே இருந்தன. சாதாரண வாடிக்கையாளருக்கு அவற்றால் பயன் எதுவும் இல்லை. ராலி காரில் இருக்க வேண்டுமானால் கடைக் காரிலும் இருக்க வேண்டும் என்பதால் வைத்தார்கள்.

ராலி எவோவின் குதிரைசக்தி எவ்வளவு?

சுமார் 300. என்ஜினுக்குள் போகும் காற்றை 34 மில்லிமீட்டர் துவாரத்தின் வழியாக மட்டுமே விட வேண்டும் என்று 1995 முதல் விதி இருந்ததால், எல்லா அணிகளுக்கும் இதே கதைதான். கடையில் விற்ற எவோ 4-ன் சக்தியே 280. ஜப்பானிய நிறுவனங்கள் அதற்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் வைத்திருந்த எல்லை அது. ராலி காரின் வித்தியாசம் குதிரைசக்தியில் இல்லை. கீழ் வேகத்திலேயே கிடைக்கும் இழுவிசை, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல்கள், சஸ்பென்ஷன் இவற்றில்தான் இருந்தது.

டொம்மி மாக்கினென் எப்படி இந்தக் காரோடு இணைபிரியாதவர் ஆனார்?

பின்லாந்தின் புப்போலா கிராமத்துக்காரர். 1964-ல் பிறந்தவர். 1994-ல் ஒரு ஃபோர்டை வாடகைக்கு எடுத்தது போல ஒரே ஒரு ராலிக்கு வாங்கி ஓட்டி, சொந்த நாட்டின் ஆயிரம் ஏரிகள் ராலியை ஜெயித்தார். 1995-ல் மிட்சுபிஷிக்கு வந்தார். 2001 வரை இருந்தார். இந்த ஏழு வருடத்தில் லான்சரில் 22 உலக ராலிகள், நான்கு உலகப் பட்டங்கள்.

முதல் பட்டம் 1996-ல், எவோ 3-ல். அந்த வருடம் மொத்தம் ஒன்பது ராலிகள். ஸ்வீடன், சஃபாரி, அர்ஜென்டினா, பின்லாந்து, ஆஸ்திரேலியா என்று ஐந்தை மாக்கினென் ஜெயித்தார். இரண்டு ராலி மீதமிருக்கும்போதே பட்டம் முடிவாகிவிட்டது. பனி, ஆப்பிரிக்கச் சேறு, தென் அமெரிக்க ஆற்றுக் குறுக்கீடு, பின்லாந்தின் அதிவேகக் குதிப்புகள், மேற்கு ஆஸ்திரேலியாவின் உருளைக் கற்கள் நிறைந்த காட்டுப் பாதை. ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தரைகள். எந்தப் பதிப்பு சிறந்த எவோ என்று கேட்டால் பலரும் 6 என்பார்கள். அந்த ஒரு வருடத்துக்காக நான் 3 என்பேன்.

1997-ல் எல்லோரும் புது விதிக்கு மாறியபோது மிட்சுபிஷி ஏன் மாறவில்லை?

1997-ல் 'உலக ராலி கார்' என்ற புது விதி வந்தது. டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட 2,500 கார்களை விற்க வேண்டிய அவசியம் இனி இல்லை. சாதாரணக் குடும்பக் கார் ஒன்றை எடுத்து, டர்போ, நான்கு சக்கர இயக்கம் எல்லாவற்றையும் ராலிக்காக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 20 கார்களுக்குரிய பாகங்கள் இருந்தால் போதும். சஸ்பென்ஷன் இணையும் இடத்தை மாற்றலாம், உடலை அகலப்படுத்தலாம். சுபாரு, ஃபோர்டு உடனே மாறின. அந்த வருட நடுவில் டொயோட்டா கரோலாவோடு வந்தது.

மிட்சுபிஷி குரூப் ஏ-யிலேயே நின்றது. எவோவை ஏற்கனவே ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ராலியில் ஜெயித்த காரையே வாங்குகிறோம் என்ற நம்பிக்கைதான் அந்த விற்பனையின் அடித்தளம். அதை உடைக்க அவர்களுக்கு மனமில்லை. கட்டுப்பாடு அதிகமான விதியில் ஓடி, சுதந்திரம் அதிகமான கார்களை 1997, 1998, 1999 என்று மூன்று வருடம் தொடர்ந்து தோற்கடித்தார்கள். ராலி வரலாற்றில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

எவோ 4, 5, 6 மூன்றுக்கும் வித்தியாசம் என்ன?

மூன்றுமே 1995-ல் வந்த புதுத் தலைமுறை லான்சரின் உடலில் செய்தவை.

எவோ 4-ல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். பின்சக்கரங்களுக்குள் சக்தியைக் கூட்டிக் குறைத்துப் பிரிக்கும் ஏஒய்சி என்ற அமைப்பும் கடைக் காரில் இதில்தான் வந்தது. குறை அகலத்தில் இருந்தது. புது விதிக் கார்கள் அகன்ற உடலோடு வந்தபோது, எவோ 4 ஒடுங்கி நின்றது.

எவோ 5 அதற்கான பதில். அகலம் 1,690-லிருந்து 1,770 மில்லிமீட்டர் ஆனது. புடைத்த மட்கார்டு, பெரிய சக்கரம், பிரெம்போ பிரேக். சும்மா பார்வைக்காகப் புடைக்கவைத்தது இல்லை. ராலி காரை மட்டும் அகலமாக்க விதி விடாததால், கடைக் காரையே அகலமாக்கி விற்றார்கள்.

எவோ 6 பெரும்பாலும் குளிர்விப்பு வேலை. முன்பக்க நம்பர் பிளேட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியதுகூட ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் காற்று தடையில்லாமல் போகத்தான்.

1997 பட்டம் ஒரே ஒரு புள்ளியில் முடிவானது உண்மையா?

உண்மை. மாக்கினென் 63, சுபாருவின் கோலின் மெக்ரே 62. கடைசி ராலி பிரிட்டனில். மெக்ரே அதை ஜெயித்தார். காய்ச்சலோடு ஓட்டிய மாக்கினென் ஆறாமிடம் வந்து, தேவையான அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டார். அதே வருடம் கோர்சிகா ராலியில் சாலையில் நின்ற பசுவின் மேல் மோதிப் பள்ளத்துக்குள் போனதால் அவருக்குப் புள்ளிகள் போயிருந்தன. இல்லையென்றால் கடைசிவரை இழுத்திருக்காது.

1998-ன் கடைசி நாளைப் பற்றிச் சொல்லுங்கள்.

எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத கதை. பிரிட்டன் ராலிக்கு வரும்போது மாக்கினென் 58 புள்ளி, டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸ் 56. முதல் நாளிலேயே, மில்புரூக் என்ற சோதனைத் தடத்தில், முன்னால் ஓடிய பழங்காலக் கார் ஒன்று சிந்திய எண்ணெயில் மாக்கினெனின் லான்சர் வழுக்கி கான்கிரீட் கட்டையில் மோதியது. பின்சக்கரம் கழன்றது. பட்டம் போய்விட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டார். சைன்ஸுக்குத் தேவை நான்காமிடம் மட்டும். அதற்கு மூன்று புள்ளி, மொத்தம் 59.

சைன்ஸ் கவனமாக ஓட்டி நான்காமிடத்திலேயே இருந்தார். கடைசி ஸ்டேஜ், வேல்ஸில் மார்கம் பூங்கா. முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கரோலாவின் என்ஜின் வெடித்துப் புகை வந்தது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா, 'ஸ்டார்ட் பண்ணப் பார், கார்லோஸ்' என்று ஸ்பானிஷில் கெஞ்சியது அந்நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்த மாக்கினெனுக்கு மூன்றாவது பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. அதே ராலியை ஜெயித்தவர் மிட்சுபிஷியின் இன்னொரு ஓட்டுநர் ரிச்சர்ட் பர்ன்ஸ். அவர் ஜெயித்ததால்தான் நிறுவனங்களுக்கான பட்டம் டொயோட்டாவைத் தாண்டி மிட்சுபிஷிக்கு வந்தது. இந்த விளையாட்டில் மிட்சுபிஷிக்குக் கிடைத்த ஒரே நிறுவனப் பட்டம் அது. அந்த வருட சஃபாரியையும் பர்ன்ஸ்தான் ஜெயித்திருந்தார், அதுவும் அவருடைய முதல் உலக ராலி வெற்றி. மாக்கினென் ஐந்து, பர்ன்ஸ் இரண்டு என்று அந்த வருடம் ஏழு ராலிகள் லான்சருக்கு. அதிர்ஷ்டத்தால் வந்த பட்டம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

டொம்மி மாக்கினென் எடிஷன் என்றால்?

1999-ல் மான்டி கார்லோ, ஸ்வீடன், நியூசிலாந்து, சான்ரெமோ நான்கையும் ஜெயித்து மாக்கினென் நான்காவது பட்டத்தையும் வாங்கினார். தொடர்ந்து நான்கு வருடம் உலகப் பட்டம் என்பது அதுவரை யாரும் செய்யாதது. அதைக் கொண்டாட 2000-த்தின் தொடக்கத்தில் எவோ 6-ஐ வைத்து ஒரு சிறப்புப் பதிப்பு விட்டார்கள். முன் பம்பர் வேறு, டர்போவில் டைட்டானியம் கலந்த டர்பைன், தார் சாலைக்கேற்பத் தாழ்ந்த சஸ்பென்ஷன். ராலி காரின் நிறக்கோடுகளோடும் வாங்கலாம். பழைய எவோக்களில் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது இதைத்தான்.

இவ்வளவு ஜெயித்த கார் எப்போது, ஏன் சரிந்தது?

2001-ஐப் பார்த்தால் சரிவு எவ்வளவு சட்டென்று வந்தது என்று தெரியும். ஜனவரியில் மான்டி கார்லோ, மார்ச்சில் போர்ச்சுகல், ஜூலையில் சஃபாரி என மாக்கினென் மூன்றை ஜெயித்திருந்தார், எல்லாம் குரூப் ஏ எவோ 6-ல். பட்டத்துக்கான போட்டியில் நன்றாகவே இருந்தார்.

ஆனால் பெஜோவும் ஃபோர்டும் சுபாருவும் வருடா வருடம் முன்னேறிக்கொண்டிருந்தன. கடைக் காருக்குக் கட்டுப்பட்ட எவோவின் சஸ்பென்ஷனில் செய்யக்கூடியதெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது. விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு சில சின்னச் சலுகைகள் தந்தும் போதவில்லை. அதனால் அக்டோபரில், சான்ரெமோ ராலியில், புது விதிப்படி செய்த லான்சர் எவோலூஷன் டபிள்யூஆர்சி-யை இறக்கினார்கள். பருவத்தின் நடுவில், பட்டப் போட்டியின் உச்சத்தில், பக்குவப்படாத காருக்கு மாறியது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. அடுத்து கோர்சிகாவில் மாக்கினென் பாறையில் மோதியதில் கோ-டிரைவர் ரிஸ்டோ மன்னிசென்மாக்கிக்கு முதுகெலும்பில் காயம். கடைசி ராலிக்கு வரும்போது மெக்ரே 42, மாக்கினென் 41, பர்ன்ஸ் 40. மாக்கினென் ஆரம்பத்திலேயே வெளியேறினார், மெக்ரே உருண்டார், சுபாருவில் இருந்த பர்ன்ஸ் மூன்றாமிடம் வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் மாக்கினெனும் சுபாருவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு?

2002-ல் பிரான்சுவா டெலகூர், அலிஸ்டர் மெக்ரே ஓட்டினார்கள். பலனில்லை. 2003-ல் புதுக் கார் செய்ய ஒதுங்கினார்கள். 2004-ல் ஜில் பனிஸ்ஸியோடு திரும்பினார்கள். 2005-ல் ஹாரி ரோவன்பெரா ஆஸ்திரேலியாவில் இரண்டாமிடம் வந்தபோது கார் ஒருவழியாகத் தேறிவிட்டது என்று தோன்றியது. அந்த டிசம்பரிலேயே நிறுவனம் விலகல் அறிவித்தது. 2006 ஸ்வீடனில் டேனியல் கார்ல்சன் அதே காரைத் தனியாக ஓட்டி மூன்றாமிடம் பிடித்தார். காரில் சரக்கு இருந்தது, நிறுவனத்திடம் பணம்தான் இல்லை.

தனியார் ஓட்டுநர்களிடம் எவோ ஏன் அவ்வளவு பிரபலம்?

குரூப் என் என்ற பிரிவில், கடையில் வாங்கிய காரில் பாதுகாப்புக் கூண்டு, சஸ்பென்ஷன் போன்ற சில மாற்றங்கள் மட்டுமே செய்யலாம். எவோ ஏற்கனவே ராலிக்காகச் செய்த கார் என்பதால் மற்றவை எட்ட முடியவில்லை. உருகுவேயின் குஸ்டாவோ டிரெல்லஸ் 1996 முதல் 1999 வரை நான்கு முறை, ஆஸ்திரியாவின் மான்ஃப்ரெட் ஸ்டோல் 2000-ல், அர்ஜென்டினாவின் கேப்ரியேல் போஸோ 2001-ல் இந்தப் பிரிவின் உலகப் பட்டத்தை லான்சரில் வென்றார்கள்.

2002-ல் வென்றவர் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங். கோ-டிரைவர் ஆலன் ஓ. காரின் பெயர் புரோட்டான் பெர்ட். மலேசியத் தமிழர்களுக்குப் புரோட்டானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை: மிட்சுபிஷியின் துணையோடு வளர்ந்த நிறுவனம், பெர்ட்டின் உள்ளே இருந்ததும் லான்சர் எவோலூஷன்தான். இந்த உலகப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். ஜோகிந்தரைப் போல அவருக்கும் 'பறக்கும் சீக்கியர்' என்றே பெயர் வந்தது.

சுபாரு இம்ப்ரெசாவா, லான்சர் எவோவா? எது உசத்தி?

நிறுவனப் பட்டத்தில் சுபாரு: 1995, 1996, 1997 என மூன்று. ஓட்டுநர் பட்டத்தில் லான்சர்: நான்குக்கு மூன்று. அதிலும் மிட்சுபிஷி பெரும்பாலும் ஒரே ஓட்டுநரை நம்பி, சிறிய அணியாக, பழைய விதியில் ஓடியது. என் ஓட்டு எதற்கு என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவன ராலியிலும் லான்சர் ஓடியதா?

டக்காரில் மிட்சுபிஷி வாங்கிய 12 வெற்றிகளும் பஜேரோவுக்குச் சேரும். 2009-ல் மட்டும் ரேசிங் லான்சர் என்ற டீசல் கார் ஓடியது. பெயரும் முகச்சாயலும் தவிர லான்சருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான்கில் மூன்று பாதியில் நின்றன. நிறுவனம் அதோடு டக்காரை விட்டது.

நம் ஊரில் ஓடிய லான்சரும் இதுவும் ஒன்றா?

உடல் ஒன்று, உயிர் வேறு. 1998 முதல் சென்னையை அடுத்த திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரான லான்சர், எவோ 4, 5, 6 எந்தத் தலைமுறையில் செய்யப்பட்டதோ அதே தலைமுறை. ஆனால் பெரும்பாலும் 1.5 லிட்டர் பெட்ரோல் அல்லது 2 லிட்டர் டீசல், முன்சக்கர இயக்கம், டர்போ பெட்ரோல் கிடையாது. பிறகு அதே ஆலையில் வந்த சீடியா, எவோ 7 முதல் 9 வரையிலான தலைமுறை. இந்திய தேசிய ராலிகளில் சீடியா பல வருடம் முன்னணியில் ஓடியது. எவோ 10 இந்தியாவுக்கு இறக்குமதியாக மட்டும், மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்தது.

பழைய லான்சரில் எவோ பம்பரும் இறக்கையும் மாட்டியதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். சந்தேகமாக இருந்தால் சக்கரத்தைச் சுற்றியுள்ள மட்கார்டைப் பாருங்கள். எவோ 5, 6-ன் புடைப்பு சாதாரண உடலில் இருக்காது.

எவோ 10 உலக ராலியில் ஓடவில்லையா?

தொழிற்சாலை அணியாக ஓடவில்லை. 2007-ல் அது வரும்போது மிட்சுபிஷி உலக ராலியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தனியார் ஓட்டுநர்கள் குரூப் என்-னிலும் அதையொத்த பிரிவுகளிலும் ஓட்டினார்கள். இரும்பாலான பழைய 4ஜி63-க்குப் பதில் அலுமினிய என்ஜின் வந்திருந்தது. நல்ல சாலைக் கார்தான். ஆனால் முந்தைய ஒன்பதும் ராலி அணியின் தேவைக்காகவோ அந்தப் பரம்பரையின் தொடர்ச்சியாகவோ வந்தவை, பத்தாவதற்கு அப்படிக் கேட்க ஆளில்லை. 2015-ல் ஜப்பானுக்கு 1,000 கார்கள் என்று கடைசிப் பதிப்பு விட்டு நிறுத்தினார்கள்.

இப்போது அப்படியொரு கார் எங்கே கிடைக்கும்?

மிட்சுபிஷியிடம் இல்லை. ராலிஆர்ட் பெயரை 2021-ல் மீட்டார்கள், 2022-ல் ஆசிய கிராஸ் கன்ட்ரி ராலியை ட்ரைட்டன் பிக்கப்பில் ஜெயித்தார்கள். அது வேறு வகைப் பந்தயம்.

ஆனால் எவோவின் ஆட்கள் டொயோட்டாவில் தொடர்ந்தார்கள். 2017-ல் உலக ராலிக்குத் திரும்பிய டொயோட்டா அணியைக் கட்டி, 2020 வரை தலைமை தாங்கியவர் டொம்மி மாக்கினென். அந்த அணியில் 2022, 2023 என இரண்டு உலகப் பட்டம் வாங்கிய கல்லே ரோவன்பெரா, 2005-ல் லான்சர் ஓட்டிய ஹாரியின் மகன். ராலியை மனதில் வைத்து டொயோட்டா கடைக்குக் கொண்டுவந்த ஜிஆர் யாரிஸ், சின்ன உடல், டர்போ, நான்கு சக்கர இயக்கம் என்று எவோ போன வழியில் வந்த கார். எவோவைத் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்: நல்ல நிலையில் பழைய எவோ கிடைக்காவிட்டால், ஜிஆர் யாரிஸை ஓட்டிப் பாருங்கள்.